அறிதுயிலும் மூங்கிலொலியும்: பேராக் மலைக் கனவுகள் உலகைச் சுற்றிய வரலாறு

விழித்திருக்கும் ஒருவர், இடையில் அறிவு மறையாமல், நேரே கனவுக்குள் நுழைய முடியுமா என்னும் வினா இன்று நம் இளைஞர் பலரை ஈர்த்துள்ளது. அதற்கென ஒரு முறையும் வழக்கில் உள்ளது. ஐந்தாறு மணிநேரம் உறங்கியபின் வைகறையில் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மீண்டும் அசையாது படுக்க வேண்டும். காதில் மழையோசையையோ அருவியோசையையோ மின்விசிறியின் இரைச்சலையோ ஏற்றத்தாழ்வின்றி ஒலிக்கவிட்டு, கவனத்தை அதன்மீது நிறுத்த வேண்டும். உடல் உறங்கிவிடும், ஒலியைப் பற்றிக்கொண்ட மனம் மட்டும் விழித்தபடியே கனவின் வாயிலைக் கடக்கும் என்பது அம்முறையின் நம்பிக்கை.

இச்சொற்பொழிவின் பொருளைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், மொழியியலாளருக்கு இதில் என்ன வேலை என்று வினவினார். இரண்டு வேலைகள் உள. ஒன்று, இதற்குரிய சொல் நம்மிடம் உண்டா என்று பார்ப்பது. மற்றொன்று, இம்முறையின் அண்மைக்கால வரலாறு பீடோரில் நின்று கிழக்கே நோக்கினால் தெரியும் மலைத்தொடரின் வழியே சென்றுள்ளது என்பதை எடுத்துரைப்பது. அமெரிக்காவிலிருந்து வந்ததாக நம் மாணவர்கள் எண்ணும் ஒரு கருத்து, முன்பு இங்கிருந்து அங்கே சென்றது; சென்றபோது உருமாறிச் சென்றது. எது மாறியது, எது விடுபட்டது என்பதே இன்று நான் கூற விழைவது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். திருமால் பாற்கடலில் கொள்ளும் உறக்கத்தை நம் நூலோர் அறிதுயில் என்றனர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதற்கு யோகநித்திரை எனப் பொருள் தருகிறது. வடசொல் யோகத்தை முன்னிறுத்த, தமிழ்ச்சொல் அறிவை முன்னிறுத்துகிறது. இலக்கணத்தில் இது வினைத்தொகை: அறிந்த துயில், அறிகின்ற துயில், அறியும் துயில் என மூன்று காலமும் அதனுள் கரந்து நிற்கின்றன. உறங்கும் முன்னும் உறங்கும்போதும் உறங்கிய பின்னும் அறிவு இடையறாது நிற்பதைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல்லாக்கத்தை நான் கண்டதில்லை. சைவ சித்தாந்தம் வேறொரு வழியில் இதனை அணுகியது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகளைக் கூறியதோடு அமையாமல், நனவுக்குள்ளேயே ஏனைய நிலைகள் நிகழ்வதையும் சாக்கிர சொப்பனம், சாக்கிர சுழுத்தி எனப் பெயரிட்டு வகுத்தது. நனவும் கனவும் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு அறைகள் அல்ல என்னும் தெளிவு அப்பெயரீட்டிலேயே இருக்கிறது.

மேலை நாட்டில் இதற்குப் பெயர் பிறந்தது மிகவும் பிந்தியே. பிரடெரிக் வான் ஈடன் என்னும் டச்சு மருத்துவரும் எழுத்தாளருமாகிய ஒருவர், 1898 முதல் 1912 வரை தாம் கண்ட கனவுகளுள் 352 கனவுகளில் 'இது கனவு' என்னும் அறிவு தமக்கு இருந்ததாகக் குறித்துவைத்து, 1913இல் வெளியிட்ட கட்டுரையில் அவற்றுக்குத் தெளிவுடைய கனவுகள் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அறிதுயில் என்னும் சொல்லின் அமைப்பைப் பின்பற்றி நாம் அதனை அறிகனவு எனலாம். இவ்வுரையிலும் அவ்வாறே வழங்குகிறேன். நெடுங்காலம் அறிவியலார் அதனை நம்பவில்லை. உறங்குபவர் தம் கனவைத் தாமே அறிந்ததாகக் கூறினால் அதற்குச் சான்று யாது? விடை கண்ணில் இருந்தது. விரைவிழி அசைவு உறக்கம் எனப்படும் கனவுமிகு உறக்கத்தில் உடல்தசைகள் செயலற்றிருக்கும். விழித்தசைகள் மட்டும் இயங்கும். எனவே, கனவுக்குள் அறிவு வந்ததும் கண்களை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைப்பது என முன்பே உடன்பாடு செய்துகொண்டால், கருவி அதனைப் பதிவு செய்யும். இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் 1975இல் இதனைச் செய்துகாட்டினார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் லபெர்ஜ் 1980ஆம் ஆண்டையொட்டித் தனியே இதனை நிறுவிப் பரப்பினார். கனவின் நடுவே அறிவு பெறுதல் ஒருவகை. விழிப்பிலிருந்தே அறிவோடு நுழைதல் மற்றொரு வகை. ஒலியைத் துணைக்கொள்வது பெரும்பாலும் இரண்டாம் வகைக்கே.

இந்த இரண்டாம் வகையை முயல்வோர் பலரும் கூறும் ஓர் அனுபவத்தைக் கேட்டால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். காதில் ரீங்காரம் எழும்; உடல் அசைய மறுக்கும்; மார்பில் யாரோ அமர்ந்து அழுத்துவதுபோல் இருக்கும். இதனைத்தான் நம் மக்கள் அமுக்குவான் பேய் என்றனர். தசைகள் செயலிழக்கும் அந்த உறக்கநிலை, விழிப்பு நீங்குமுன்பே வந்துவிடுவதால் நேர்வது இது. தீங்கற்றது, தானே நீங்குவது. ஆயினும் முன்னறிவின்றி இரவில் தனியே இதற்கு ஆட்படும் மாணவர் அஞ்சுவது இயல்பு. உறக்கத்தைத் திரும்பத் திரும்பக் கலைத்து இதனை முயல்வது வளரும் பிள்ளைகளின் படிப்புக்கும் உடல்நலத்துக்கும் ஏற்றதன்று என்பதை ஆசிரியர்கள் அவர்களுக்கு வெளிப்படையாகவே கூறலாம்.

இனி நம் மலைத்தொடருக்கு வருவோம்.

பீடோர், தாப்பா, சுங்கை வட்டாரங்களின் மலையடிவாரங்களில் வாழ்வோர் செமாய் மக்கள். பீடோர்ச் சாலையோரத்தில் பெத்தாய்க் கொத்துகளை விற்கும் அவர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். வடக்கே, சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் பேராக்கும் கிளந்தானும் எல்லை பிரியும் நீர்ப்பிரி மேடுகளில் வாழ்வோர் தெமியார் மக்கள். இவ்விரு குழுவினரையும் சேர்த்துச் செனோய் என்பர். இவர்களின் மொழிகள் மலாய் மொழியோடு உறவுடையன அல்ல. மொன், கெமர் ஆகிய மொழிகளோடு ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியாவின் சந்தாலி, முண்டாரி, காசி, நிக்கோபாரிய மொழிகள் இவற்றின் தூரத்து உறவினர். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பின்னே விட்டுவந்த நாட்டிலும் இவர்களின் மொழியுறவினர் இருந்தனர் என்பதை நம் பாடநூல்கள் கூறுவதில்லை.

தெமியார் மொழியின் இலக்கணத்தில் ஒரு கூறு மொழியியலாளர் உலகெங்கும் அறிந்தது. ஒரு வினை இடையறாது தொடர்வதைக் காட்ட, அவ்வினைச்சொல்லின் இறுதி மெய்யை எடுத்து முதல் மெய்யை அடுத்து நுழைப்பர். படுத்தலைக் குறிக்கும் 'ஸ்லோக்' என்பது, படுத்தவண்ணம் இருத்தலைக் குறிக்கும்போது 'ஸெக்லோக்' ஆகும். முடிவில் உள்ள ஒலி முன்னே வந்து ஒலித்து, மீண்டும் தன் இடத்திலும் ஒலிக்கிறது. தொடர்ச்சியை ஒலியின் மீள்வரவால் உணர்த்துதல் நம் அடுக்குத்தொடருக்கும் தெரிந்த உத்திதான். அவர்கள் அதனை ஒரே சொல்லுக்குள் செய்கின்றனர். 1964 முதல் தெமியார் மக்களிடையே ஆய்வு செய்த ஜெஃப்ரி பெஞ்சமின் இவ்விலக்கணத்தை விரிவாக எழுதியுள்ளார்.

இம்மக்களின் கனவுகளை வெளியுலகுக்குக் கொண்டுசென்ற கதை தைப்பிங்கில் தொடங்குகிறது. 1883இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தில், 1930களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜில் பயின்ற இளைஞர் ஹெர்பர்ட் டீன் நூன் இனவரைவியலாளராகப் பணியேற்றார். மலையேறித் தெமியார் மக்களோடு வாழ்ந்தார். அவர்களின் மொழியைக் கற்றார். அவர்களுள் ஒரு பெண்ணை மணந்தார். 1936இல் அவர் வெளியிட்ட அறிக்கை, பேராக்-கிளந்தான் நீர்ப்பிரி மேட்டுத் தெமியார் குடியிருப்புகளையும் அவர்தம் நலனையும் பற்றியது. அது மக்கள்தொகை, நிலம், குடியமைப்பு ஆகியவற்றைப் பேசும் அலுவலறிக்கை, நிதானமான நூல். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் காட்டுக்குள் சென்ற நூன் உயிரோடு திரும்பவில்லை.

அவரை 1934இல் வந்து சந்தித்தவர் கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர். உளவியலில் ஆர்வமுடையவர், ஊர் சுற்றுபவர், கதை சொல்வதில் வல்லவர். நூனோடு சில வாரங்கள் மலைப்பயணம் செய்தார். 1938இல் மீண்டும் வந்தார். தெமியார் மொழி அவருக்குத் தெரியாது. தாம் கேட்டவற்றை வைத்து இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதியபின், 1951இல் மலாயாவின் கனவுக் கோட்பாடு என்னும் பொருளில் ஒரு சிறு கட்டுரையை அமெரிக்க இதழொன்றில் வெளியிட்டார். அக்கட்டுரையின் செனோய் மக்கள் நாள்தோறும் காலையுணவின்போது குடும்பமாக அமர்ந்து கனவுகளை ஆராய்கின்றனர். புலி துரத்தினால் ஓடாதே, எதிர்த்து நில். விழுந்தால் அஞ்சாதே, அது பறப்பதாக மாறட்டும் எனப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகின்றனர். அதனால் அவர்களிடையே பல தலைமுறைகளாகக் குற்றமும் இல்லை, மனநோயும் இல்லை.

கேட்கக் கேட்க இனிக்கும் கதை. 1969இல் சார்லஸ் டார்ட் தொகுத்த, மாறுபட்ட நனவுநிலைகள் பற்றிய புகழ்பெற்ற நூலில் அக்கட்டுரை மறுபதிப்பாக இடம்பெற்றது. 1974இல் பாட்ரிசியா கார்ஃபீல்டு தம் கனவுப் பயிற்சி நூலில் அதற்கு இடமளித்தார். கலிபோர்னியாவில் செனோய் முறைக் கனவுக் குழுக்கள் தோன்றின. கனவை நாமே நடத்தலாம், அதனைக் கற்பிக்கலாம் என்னும் நம்பிக்கை லபெர்ஜின் ஆய்வுகளுக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்ததென்றால், அதற்குரிய நிலத்தைப் பண்படுத்தியதில் பேராக் மலையின் பெயருக்கும் பங்குண்டு.

பெயருக்குத்தான். 1960களின் தொடக்கத்தில் செமாய் மக்களிடையே வாழ்ந்த ராபர்ட் டென்டன், தெமியார் மக்களை ஆராய்ந்த பெஞ்சமின் ஆகிய இருவரும் அவர்களின் மொழியறிந்தவர்கள். காலையுணவுக் கனவுப் பள்ளியை அவர்கள் எங்கும் காணவில்லை. வில்லியம் டோம்ஹாஃப் 1985இல் வெளியிட்ட நூலில் ஸ்டூவர்ட்டின் ஆவணங்களையும் ஆய்வாளர்களின் சான்றுகளையும் ஒப்பிட்டு, அக்கோட்பாடு செனோய் மக்களுடையதன்று, ஸ்டூவர்ட்டுடையது என நிறுவினார். தன்முயற்சியால் எதையும் மாற்றலாம் என்னும் அமெரிக்க நம்பிக்கை, காட்டுமக்களின் உடையணிந்து தன் நாட்டுக்கே திரும்பிவந்தது என்பது அவர் ஆய்வின் சாரம். ஸ்டூவர்ட்டை ஏமாற்றுக்காரர் என்று அவர் கூறவில்லை, நானும் கூறமாட்டேன். ஆனால் மொழி தெரியாமல் ஒருவரின் கனவைக் கேட்டறிய முயல்வது எத்தகைய துணிவு என்பதை ஆய்வு மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். கனவு முழுதும் சொல்லால் ஆனது. கண்டவர் சொன்னாலன்றிப் பிறர்க்கு அது இல்லை.

இம்மறுப்பைப் படித்தோர் பலர், அப்படியானால் மலைமக்களின் கனவுமரபே கட்டுக்கதை என்று முடிவு செய்துவிட்டனர். இது முதல் தவற்றுக்குச் சற்றும் குறையாத இரண்டாம் தவறு. செனோய் மக்களுக்கு ஆழ்ந்த கனவுமரபு உண்டு. அது காலையுணவுப் பேச்சில் இல்லை. இரவின் ஒலியில் இருந்தது. ஸ்டூவர்ட்டின் கட்டுரையில் புகழ்பெற்ற பகுதி அதனைத் தொடவில்லை.

தெமியார் மரபின்படி ஒவ்வொருவருக்கும் தலையில் 'ருவாய்' என்னும் உயிர்க்கூறு உண்டு. உறக்கத்தில் அது வெளியே உலவும். மலை, ஆறு, பழமரம், பூ, விலங்கு ஆகியவற்றின் உயிர்க்கூறும் அவ்வாறே உலவும். இரண்டும் சந்திப்பதே கனவு. எல்லாக் கனவுக்கும் அவர்கள் மதிப்பளிப்பதில்லை, பெரும்பாலானவை வெறுங்கனவுகளே. ஆனால் சில கனவுகளில், வந்த உயிர் ஒன்று கனவு காண்பவரோடு உறவு கொண்டாடும். தன்னை மகவாக ஏற்குமாறு வேண்டும். ஒரு பாட்டைக் கற்றுக்கொடுக்கும். அவ்வாறு உறவான உயிர் 'குனிக்' எனப்படும். அத்தகைய உறவு பெற்று நோய் தீர்க்கும் ஆற்றலுடையவர் 'ஹாலா' எனப்படுவார். பாட்டுக்கும் வழிக்கும் அவர்கள் ஒரே சொல்லை ஆள்கின்றனர்: 'நோங்'. குனிக் தருவது இசையமைப்பு மட்டுமன்று; காட்டுக்குள் செல்லும் தடம்.

1980களின் தொடக்கத்தில் தெமியார் மக்களோடு வாழ்ந்து, 1991இல் அவர்களின் இசையையும் மருத்துவத்தையும் பற்றி நூல் வெளியிட்ட மரினா ரோஸ்மன் இதன் அடுத்த கட்டத்தை நுணுக்கமாக விளக்கியுள்ளார். கனவில் பெற்ற பாட்டு இரவுச் சடங்கில் பாடப்படும். மலாயில் இத்தகைய சடங்கைச் செவாங் என்பர். விளக்கொளி குறைக்கப்பட்ட வீட்டில் மகளிர் வரிசையாக அமர்வர். ஒவ்வொருவர் கையிலும் ஒருபுறம் மூடிய இரண்டு மூங்கில் குழாய்கள்; ஒன்று நீளம், மற்றது குட்டை. முன்னே கிடத்திய மரத்துண்டின்மீது அவற்றை மாறி மாறிக் குத்துவர். நீண்டது தாழ்ந்து ஒலிக்கும், குட்டை உயர்ந்து ஒலிக்கும். பாடுபவர் ஓர் அடியைப் பாட, அது முடியும் முன்பே மகளிர் அதனைப் பற்றிக்கொண்டு திருப்பிப் பாடுவர். பாட்டு மாறும், பாடுபவர் மாறுவார், மூங்கிலின் துடிப்பு மாறாது. மூங்கில் தளமிட்ட வீடாதலால் ஒலி காதுக்கு மட்டுமன்றி உட்கார்ந்திருப்போரின் உடலுக்கும் எட்டும். சிலர் ஆடத் தொடங்குவர். சிலர் தம்வயம் இழந்து பரவசமுறுவர். ஹாலா நோயாளியின் அருகே செல்வார்.

இந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ரோஸ்மன் தரும் விடை என்னை மிகவும் ஈர்த்தது. காட்டில் இடையறாது துடிக்கும் ஒலிகள் சில உள. அந்திவேளைச் சிள்வண்டுகளின் ஒலி ஒன்று. ஒரே குரலைச் சளைக்காமல் திரும்பத் திரும்ப எழுப்பும் குக்குறுவான் பறவையின் ஒலி மற்றொன்று. நம் மொழியில் அப்பறவையின் பெயரே அதன் கூப்பாடுதான். சிள்வண்டைச் சங்கப் புலவர் சிள்வீடு என்றனர், அதுவும் ஒலிப்பெயரே. இவ்வொலிகள் இதயத்துடிப்போடு இணைந்து பிரிவேக்கத்தை எழுப்புவதாகத் தெமியார் மக்கள் உணர்கின்றனர். ஏக்கம் மிகுந்தால் உயிர்க்கூறு வெளியே செல்ல விழையும். அளவு மீறினால் அதுவே நோய். சடங்கில் மூங்கிலொலி அதே ஏக்கத்தை எழுப்புகிறது. ஆனால் அங்கே உறவினர் சூழ்ந்திருக்கின்றனர். பாட்டு என்னும் தடம் இருக்கிறது. சென்ற உயிர் திரும்பிவரும் வழி தெரிந்திருக்கிறது. நம் அகத்திணை மரபில் பயின்றவர்க்கு, காட்டொலி கேட்டு ஏங்கும் நெஞ்சம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நிறுத்திக் கவனிக்க வேண்டும். காதுக்கருவியோடு படுக்கும் இன்றைய இளைஞர் நனவைக் கனவுக்குள் கொண்டுபோக விழைகிறார். தெமியார் சடங்கு கனவை நனவுக்குள் கொண்டுவருகிறது. ஒருவர் உறக்கத்தில் தனியே கண்டதைப் பலர் விழித்திருந்து கூட்டாக நுகரச் செய்கிறது. மாறா ஒலி இரண்டிலும் உண்டு; திசை வேறு. முன்னதில் கனவு காண்பவர் தலைவர், கனவு அவர் ஏவலுக்கு உரியது. பின்னதில் கனவில் வருபவர் விருந்தினர். அவரே பாட்டின் உரியவர். கனவு கண்டவர் அதனை வாங்கித் தருபவர் மட்டுமே. புதிதாகக் காட்டுக்குள் வந்த அயலாரும் வணிகப் பொருள்களும்கூடப் பிற்காலத்தில் கனவில் தோன்றிப் பாட்டுத் தந்துள்ளனர் என்பதையும் ரோஸ்மன் பதிவு செய்துள்ளார். எதிர்த்து நில், வென்று அடக்கு என்னும் ஸ்டூவர்ட்டின் அறிவுரைக்கும் இந்த விருந்தோம்பலுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

ஒலிதான் இதனைச் செய்கிறதா? அண்ட்ரூ நெகர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில், சீரான பறையொலி மூளையின் மின்னலைகளைத் தன் தாளத்துக்கு இழுத்துச் செல்வதால் பரவசம் நேர்கிறது என்றார். இரண்டு காதுகளிலும் சற்றே வேறுபட்ட சுருதிகளை ஒலிக்கவிட்டால் கனவுநிலை கூடும் என்று இன்று விற்கப்படும் ஒலிப்பதிவுகளுக்கெல்லாம் இக்கருத்து ஒருவகை மூதாதை. பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பெர் ரூழே 1980இல் வெளியிட்ட பெருநூலில் இதனை மறுத்தார். அது உண்மையானால் பறை முழங்கும் ஊர்களில் பாதிப்பேர் எந்நேரமும் பரவசத்தில் இருக்க வேண்டுமே என்பது அவருடைய எள்ளல் கலந்த வாதம். இசை பரவசத்தை உண்டாக்குவதில்லை; அதற்கு வேளையும் வடிவமும் தருகிறது; உண்டாக்குவது அச்சமூகம் கற்றுக்கொடுத்த எதிர்பார்ப்பு என்றார் அவர்.

ரூழே பக்கமே நான் நிற்கிறேன். அதற்கு ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. தைப்பூசக் காலையில் ஈப்போ குனோங் சீரோவில் நின்று பார்த்தால் போதும். உறுமி அடிக்கும் இளைஞர்கள் மணிக்கணக்கில் அதனருகிலேயே இருக்கின்றனர். அவர்களுக்கு அருள் வருவதில்லை. விரதமிருந்து காவடி எடுப்பவருக்கு வருகிறது. சில வேளை கூட்டத்தில் நிற்கும் அவருடைய உறவினருக்கும் வருகிறது. வேடிக்கை பார்க்க வந்த அயல்நாட்டவருக்கு வருவதில்லை. ஒலி அனைவர்க்கும் ஒன்றே. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த இழுபட்ட முழக்கத்திலிருந்தே, உறுமு என்னும் வினையிலிருந்தே, கருவிக்குப் பெயர் வந்தது. உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கிக்கும் இது பொருந்தும். சங்ககால வெறியாட்டில் வேலன் ஆடும்போதும் குறிஞ்சிப் பறை முழங்கியது. ஆடியவன் வேலன் மட்டுமே. நம் முன்னோர் இந்நிலைக்கு அருள் என்றும் மருள் என்றும் இரண்டு சொற்களை வைத்திருந்தனர். ஓரெழுத்து வேறுபாடு, வந்தது எது என்பதை முடிவு செய்தது ஒலியன்று, ஊர்.

ஆய்வுக்கூடமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. உறங்குபவரின் காதில் 'இது கனவு' என்னும் சொற்றொடரை மெல்ல ஒலிக்கச்செய்யும் சோதனையை லபெர்ஜ் குழுவினர் 1981இலேயே வெளியிட்டனர். 2020இல் மிச்செல் கார் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. உறங்குமுன் ஓர் ஒலியையும் ஒளியையும் அறிகுறியாகக் கொடுத்து, அதனை உணரும்போதெல்லாம் 'நான் இப்போது கனவு காண்கிறேனா?' என்று தம் நிலையை ஆராயப் பயிற்றுவித்தனர். பிறகு காலைநேரச் சிறுதுயிலில், கனவுமிகு கட்டத்தில், அதே அறிகுறியைக் கொடுத்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் அச்சிறுதுயிலிலேயே அறிகனவு கண்டு கண்ணசைவால் தெரிவித்தனர். 2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் 36 பேரைக் கொண்டு செய்த சோதனைகளை ஒன்றாக வெளியிட்டன. கனவு காண்போர் சிலர் எளிய கணக்குகளுக்குக் கண்ணசைவால் விடையும் அளித்தனர். கவனிக்க வேண்டியது இது: அங்கே வேலை செய்தது வெறும் ஒலியன்று, முன்பே பொருள் ஏற்றப்பட்ட ஒலி. மொழியியலாளன் இதனைச் சொல் என்பான். விடியவிடிய ஓடும் மழையோசை வெளிச்சத்தத்தை மறைக்கும், அலையும் மனத்துக்கு ஒரு தூணாகவும் இருக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கு இல்லை.

வைகறைக் கனவு பலிக்கும் என்பது நம் வழக்கு. பொன்னவன் பெயரால் வழங்கும் கனாநூலும் கனவின் பயனை யாமந்தோறும் பிரித்துக் கூறுகிறது. பலன் கூறுவதை நான் ஏற்பதில்லை. ஆனால் விரைவிழி உறக்கம் இரவின் பிற்பகுதியில் நீள்வதையும், நினைவில் நிற்கும் தெளிந்த கனவுகள் விடியலை ஒட்டியே மிகுவதையும் இன்றைய ஆய்வு உறுதி செய்கிறது. நேரத்தைப் பற்றிய நம் முன்னோரின் நோக்கு கூர்மையானதே. திருமூலர் அகத்தே கேட்கும் ஒலிகளாக மணி, கடல், வண்டு, சங்கு முதலிய பத்தினைக் கூறுவதும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். அவ்வொலிகளுக்குக் கருவி வேண்டியதில்லை. அமுக்குவான் பேய் வருமுன் எழும் ரீங்காரத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு. ஆயினும் யோகியின் பயிற்சியையும் மாணவரின் அரைத்தூக்கத்தையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று என்பதால் விடுத்துச் செல்கிறேன்.

ஒன்றை மட்டும் விடுத்துச் செல்ல இயலவில்லை. நம் மக்கள் பேராக்கில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இம்மலைமக்களின் அயலில் வாழ்ந்துள்ளனர். சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் தோட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் அவர்களின் காடு தொடங்கியது. பிரட்டுக்கு எழுந்த நம்மவரின் வைகறையும், செவாங் முடிந்து ஓய்ந்த அவர்களின் வைகறையும் ஒன்றே. இருந்தும் நம் தோட்டப் புனைகதைகளில் அவர்கள் பெரும்பாலும் மரத்தோடு மரமாகவே நிற்கின்றனர். அடிமை என்னும் இழிபொருள் ஏறிய 'சக்காய்' என்னும் பழைய பெயரை நம் பேச்சும் நெடுங்காலம் சுமந்தது. கூலி என்னும் சொல் நமக்கு எப்படிச் சுட்டதோ அப்படியே அது அவர்களுக்குச் சுட்டது. தங்கள் கதையைப் பிறர் எழுதிவிட்டதாக வருந்தும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தும், சில வாரமே தங்கிய ஸ்டூவர்ட் அளவுக்குக்கூட அவர்களின் கனவைப் பற்றித் தமிழில் நாம் எழுதவில்லை. எழுதியிருந்தால், அமெரிக்கர் 1985இல் கண்டறிந்த பிழையை நாம் முன்பே சுட்டிக்காட்டியிருக்கலாம்.

சொல்லாக்கத்தில் நான் அறிகனவு என்றேன். தெமியார் மரபுக்கு அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து. அங்கே அறிபவர் ஒருவர் அல்லர். குனிக், ஹாலா, நோங் என்னும் அவர்களின் சொற்களையே கலைச்சொற்களாக ஏற்று, தேர்வுத்தாளிலும் ஆய்வேட்டிலும் அவ்வாறே எழுதலாம்.

கேட்க விரும்புவோர்க்கு இரண்டு ஒலிப்பதிவுகள் உள. தெமியார் கனவுப் பாட்டுகள் என்னும் பொருள்படும் தலைப்பில் அமெரிக்காவின் ஃபோக்வேஸ் நிறுவனம் 1955இல் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று. ரோஸ்மன் பதிவு செய்து 1995இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வெளியிட்டது மற்றொன்று. வகுப்பில் ஒலிக்கவிடுவதாயின், உறங்குவதற்காக அல்லாமல், மாணவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போதே ஒலிக்கவிடுங்கள். முதலில் பாடுபவரின் குரலைக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை, அவர் அடி முடியுமுன் உள்ளே வரும் மகளிர் குரலை. மூன்றாம் முறை, எவர் குரலுக்கும் நில்லாமல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இரட்டை மூங்கிலை.